பொன்னையா அப்புவின் மூணு வார்த்தை

— அப்ப ரெண்டு வருசம் பூரா ஒக்காந்து கதை படிக்கப் போறே.

— கதை மட்டும் இல்லப்பா. பாட்டு இருக்கு, நாடகம் இருக்கு. இங்கிலீசு இலக்கியம்னா எல்லாம் சேந்ததுதான்.

— ம். அந்தக் கரண்டிய இப்படிக் காட்டு. ஒன் மூஞ்சி தெரியுதா அதுல?

— தெரியுது.

— நேராத் தெரியுதா, கோணலாத் தெரியுதா?

— கரண்டில எல்லாரு மூஞ்சியும் கோணலாத்தான் தெரியும்.

— அப்ப இன்னும் தேய்க்கணும். தொர கிளப்புலேர்ந்து வந்து மேசையில ஒக்காந்ததும் மொதல்ல கரண்டியத்தான் தூக்கிப் பாப்பாரு. அவரு மூஞ்சி கோணலாத் தெரிஞ்சா அது என் தப்பு.

— ஞாயித்துக்கெழமகூட ஒங்களுக்கு விடிவு கெடையாதா?

— தொரைக்கு ஞாயித்துக்கெழம பசிக்காதா? அது கெடக்கட்டும். லயத்து வீட்டுலேர்ந்து இந்த மேடு ஏறி பங்களாக் குசினி வரைக்கும் வந்திருக்கே. அப்பனுக்குக் கரண்டி தேய்க்கவா வந்தே?

— கையெழுத்து வேணும். அதான் சொன்னேனே. நாளைக்குக் காலைல மணியடிக்கிறதுக்குள்ள இந்தப் பேப்பர மார்கிரட் டீச்சர் கைல குடுக்கணும். நாலு புள்ளைங்க சேந்தாத்தான் வகுப்பு நடக்கும்னு பெரிய சிஸ்டர் சொல்லிட்டாங்க. மூணு பேரு குடுத்தாச்சு. பெற்றீசியா வீட்டுல அன்னைக்கே போட்டுட்டாங்க.

— நாலாவது நீ.

— நாலாவது நீங்க. நான் எப்பவோ ரெடி.

— ஒங்கம்மா என்னா சொல்றா?

— கொழுந்துக் கூடைய எறக்கி வெச்சிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னாங்க. ஒங்கப்பாதான் வெள்ளக்காரனோட குடும்பம் நடத்துறாரு, அவரையே போயிக் கேளுன்னு.

— அம்மாக்கண்ணுக்கு வாய் மட்டும் வயசாகவே மாட்டேங்குது. சரி, ஒங்க மாமா செல்லசாமி சங்கத்துக் கூட்டத்துக்குப் போயிட்டு வந்து என்னா சொன்னான் தெரியுமா? போன வருசமே சட்டம் வந்தாச்சு, இனிமே கவர்மெண்டுக் கச்சேரி ஆபீசுல சிங்களம்தான், இப்ப போயி இங்கிலீசு படிக்கிறது மூடின தேயில ஸ்டோருக்குக் கொழுந்து தூக்கிட்டுப் போற மாதிரின்னான்.

— மாமா அத எங்கிட்டயும் சொன்னாரு. சொல்லி முடிச்சிட்டு, சங்கத்துக் கடுதாசி ஒண்ண நீட்டி, இத இங்கிலீசுல எழுதிக் குடும்மான்னாரு.

— எழுதிக் குடுத்தியா?

— குடுத்தேன். கையெழுத்தையாவது சிங்களத்துல போடுங்க மாமான்னேன்.

— கோவிச்சிருப்பானே.

— சிரிச்சாரு. அப்புறம் கோவிச்சாரு.

— இந்தா கேளு தாயி. கடுதாசி எழுதுற இங்கிலீசுக்கு நான் மாட்டேன்னு சொல்லல. மனு எழுதலாம், தந்தி வந்தா வாசிச்சுச் சொல்லலாம். கதை எதுக்கு? கதை படிச்சவளுக்கு எவன் வேலை குடுப்பான்?

— மார்கிரட் டீச்சர் கதை படிச்சவங்கதான்.

— அவங்க பெரிய எடம்.

— அவங்க அப்பா மத்தியாஸ் ஸ்டோர்ல கொழுந்து வாட்டினவரு. நீங்கதான் சொன்னீங்க.

— நான் ரொம்பப் பேசுறேன். கொறச்சுக்கணும்.

— டீச்சர் என்னா சொல்றாங்கன்னா, கடுதாசில நமக்கு வேண்டியத எழுதலாம், ஆனா அடுத்தவங்க மனசுல என்னா ஓடுதுன்னு கதைலதான் தெரியும்னு.

— அடுத்தவன் மனசுல ஓடுறது தெரிஞ்சு என்னா செய்யப் போறே? தெரியாம இருக்கிறவனுக்குத்தான் தூக்கம் வருது. ஒண்ணாந்தேதி புள்ளக்காம்பராவுல வேலை இருக்கு. தொரயே கூப்பிட்டுச் சொன்னது. வெயில் இல்ல, மழை இல்ல, அட்டைக்கடி இல்ல. கொழுந்தெடுக்கப் போற பொம்பளைங்களோட புள்ளைங்களுக்குத் தொட்டில் ஆட்டிட்டு ஒக்காந்திருக்கலாம். லயத்துல இந்த வேலைக்கு எத்தன பேரு வாயத் தொறந்துக்கிட்டு நிக்கிறாங்க தெரியுமா?

— தொட்டில் ஆட்டுறதுக்கு எட்டு வருசம் பஸ்ஸுல நோட்டன் பிரிட்ஜுக்கும் ஹட்டனுக்கும் அலஞ்சேனா?

— தாலாட்ட இங்கிலீசுல பாடு. யாரு வேணாங்கிறா.

— நீங்க பேச மாட்டீங்களா பின்ன. மூணே மூணு வார்த்தைய வெச்சு மூணு தொரமார ஓட்டிட்டீங்க.

— என்னா மூணு?

— யெஸ் சேர், நோ சேர், தேங்க்யூ சேர். லயத்துல சின்னப் புள்ளைங்ககூட ஒங்கள மாதிரி செஞ்சு காட்டுதுங்க. தோள்ல துண்டப் போட்டுக்கிட்டு, பொன்னையா அப்பு வர்றாரு வழி விடுன்னு.

— செஞ்சு காட்டட்டும். பதினேழு வருசமா இந்தப் பங்களாவுல சமைச்சுப் பரிமாறுற அப்பு வேலைல இருக்கேன். அந்த மூணு வார்த்தை சோறு போட்டுருக்கு, ஒனக்குச் சீட்டித்துணி எடுத்திருக்கு, பஸ்ஸுக்குக் குடுத்திருக்கு. மூணுக்கு மேல தெரிஞ்சிருந்தா ஒருவேளை கெட்டுப் போயிருப்பேன்.

— நோ சேர் எதுக்குப்பா? தொரகிட்ட எதுக்காச்சும் இல்லன்னு சொல்லிருக்கீங்களா?

— சொல்லிருக்கேன். பொன்னையா, கோழி முடிஞ்சுதான்னு கேப்பாரு. நோ சேர், இன்னும் இருக்குன்னு கொண்டு போயி வைப்பேன்.

— அதுக்கு மட்டுந்தானா?

— வேற எதுக்கு வேணும்? நாங்க பேசிக்கிறது அவரு தமிழ்லதானே. பொன்னையா, சூப்பு சூடு இல்லே. பொன்னையா, நாளைக்கு நாலு ஆளு சாப்பாடு. அந்தத் தமிழே போதும் எங்க ரெண்டு பேருக்கும்.

— தொடைக்க வேற துணி வேணும். இது கறுத்துப் போச்சு. அந்த அலமாரில எடுக்கட்டா?

— மேசத்துணி அலமாரியத் தொடாத.

— ஏன், தங்கம் வெச்சிருக்கீங்களா?

— இஸ்திரி போட்டு அடுக்கி வெச்சது. அதுல என் கை மட்டுந்தான் போகும். தோட்டக்காரன் மாயாண்டியக்கூடக் கிட்ட விட மாட்டேன். இந்தா, இந்தத் துண்ட எடுத்துக்க.

— சரி, நான் ஒண்ணு செய்றேன். பள்ளிக்கூடத்துல படிக்கிற கதைல ஒண்ண ஒங்களுக்குச் சொல்றேன். கேட்டுட்டு, இது ஒண்ணுக்கும் ஆகாதுன்னு நீங்க சொன்னா நான் பேப்பர எடுத்துட்டுப் போயிர்றேன்.

— கரண்டி தேய்ச்சுக்கிட்டே சொல்லு.

— கடலோரத்துல ஒரு ஊரு. அங்க ஒரு பொம்பள. புருசன் இல்ல. ஒரே மகன், கப்பலுக்குப் போனவன் திரும்பி வரல. ஏழு வருசமாச்சு. அவ தெனமும் சாயந்தரம் மேசையில ரெண்டு தட்டு வைப்பா. ஒண்ணு அவளுக்கு, ஒண்ணு மகனுக்கு. கத்தி, முள்ளு, கரண்டி எல்லாம் ரெண்டு ரெண்டு.

— கோப்பை?

— ஆங்?

— தட்டு வெச்சவ கோப்பை வெக்காமலா இருப்பா.

— இருங்கப்பா. மேசை வெக்கிறதுல ஒங்க கண்ணு தப்பாதே. ஊர்ல எல்லாரும் அவளப் பாத்துச் சிரிக்கிறாங்க. அவ கண்டுக்கல. இதுக்கு மேல தமிழ்ல சொன்னா அழகு போயிரும். நான் இங்கிலீசுலயே வாசிக்கிறேன். ஒங்களுக்குப் புரியாட்டிப் பரவால்ல. சத்தத்த மட்டும் கேளுங்க. மழை பெய்ற மாதிரி இருக்கும்.

— நம்ம ஊர்ல இல்லாத மழையா. வாசி வாசி.

— முடிச்சிட்டேன். ஒரு பக்கந்தான். எப்படி இருந்துச்சு?

— ஒன் வாயில நல்லாத்தான் இருக்கு. எங்க தொர பேசுறதவிட நல்லா இருக்கு. அவரு சுடுசோத்த வாயில வெச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி பேசுவாரு. அது கெடக்கட்டும். அந்த மகன் வந்தானா இல்லியா?

— அதோட கதை முடியுது.

— அதெப்படி? வந்தானா, கடல்லயே போயிட்டானா, ஒண்ணு சொல்லணும்ல.

— சொல்லாம விடுறதுதான் அதுல அழகு.

— என்னா அழகு? மேசை போட்டு, தட்டு வெச்சு, மூடியத் தொறந்தா உள்ள ஒண்ணும் இல்லங்கிற மாதிரி இருக்கு. எங்கிட்ட பாதிக் கதைய மட்டும் சொல்லாத தாயி. என்னால தாங்க முடியாது.

— அடேயப்பா. இவ்வளவு கோவமா?

— பின்ன? அவ செஞ்சதும் சரியில்ல. மழையில நனஞ்சிட்டு வந்த வழிப்போக்கன உள்ள கூப்பிட்டு, மகன் தட்டுல சோறு போட்டா. சரி. தட்டக் குடுத்தவ கோப்பைய மட்டும் ஏன் எடுத்து மடியில ஒளிச்சு வெச்சா?

— அப்பா.

— என்னா?

— வழிப்போக்கன பத்தி நான் தமிழ்ல சொல்லல.

— சொன்னியே.

— சொல்லல. ஊரு சிரிச்சதோட நிறுத்திட்டேன். மத்ததெல்லாம் இங்கிலீசுல வாசிச்சது.

— கப்புன்னு காதுல விழுந்துச்சு. கப்பு தெரியாத அப்பு உண்டா?

— கப்பு தெரியும். மடியில ஒளிச்சா, அது எப்படித் தெரியும்?

— அந்தக் கரண்டிய வெச்சிட்டு எட்டிப் பாரு. மாயாண்டி வெளிய நிக்கிறானா?

— யாரும் இல்ல. பனிமூட்டந்தான் நிக்கிது.

— கதவச் சாத்து. சாத்திட்டு இங்கிட்டு வா.

— சாத்திட்டேன். எவ்வளவுப்பா தெரியும் ஒங்களுக்கு?

— எல்லாம்.

— எல்லாம்னா?

— பேசுறது எல்லாம். வேகமாப் பேசினாலும், குடிச்சிட்டுப் பேசினாலும், காதுக்குள்ள பேசினாலும்.

— அம்மாவுக்குத் தெரியுமா?

— அவளுக்குத் தெரிஞ்சா பொழுது சாயறதுக்குள்ள பீலியடில தண்ணி புடிக்க வர்ற சனம் பூராவுக்கும் தெரிஞ்சிரும். ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப ஒனக்குத்தான்.

— இருங்க இருங்க. போன தைப்பொங்கலுக்கு நானும் பெற்றீசியாவும் ஒங்க முன்னால ஒக்காந்து இங்கிலீசுல பேசிக்கிட்டு இருந்தோமே.

— ஆமா. என் மூக்கப் பத்தி. டீக்கேத்தல் மூக்கு மாதிரி இருக்குன்னு சொன்னே.

— ஐயோ.

— அதுக்கப்புறம் பெற்றீசியாவோட அண்ணன் றோலண்ட் சைக்கிள் ஓட்டுற அழகப் பத்தியும் பேசினீங்க. அது கொஞ்ச நேரம் போச்சு.

— அப்பா, நான் எழும்பிப் போறேன்.

— ஒக்காரு. பையன் நல்ல பையன்தான். வளைவுல பெல் அடிக்க மாட்டேங்கிறான், அதான் எனக்குப் புடிக்கல.

— ஏன்பா இத ஒளிச்சீங்க? தெரியும்னு சொன்னா தொர சந்தோசந்தானே படுவாரு?

— ஒனக்கு நல்லமுத்து அப்புவத் தெரியுமா?

— கேள்விப்பட்டிருக்கேன். ஒங்களுக்கு முந்தி இங்க இருந்தவரு. சூப்புக் கிண்ணத்த ஒடச்சிட்டாருன்னு வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்கன்னு.

— கிண்ணம் ஒடையல. இப்ப ஒன் மொழங்கைக்குப் பக்கத்துல இருக்கே, அந்தக் கிண்ணந்தான்.

— பின்ன எதுக்கு நிப்பாட்டினாங்க?

— சிரிச்சதுக்கு. அப்ப நான் இங்க பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தேன். விருந்துக்கு வந்த ஒரு தொர கதை சொல்றாரு. மூட்டத்துல எதிர வந்த பசுமாட்டப் பாதிரியாருன்னு நெனச்சு, தொப்பியக் கழட்டிக் குட்மோனிங் சொன்னாராம். நல்லமுத்து கைல உருளக்கெழங்குத் தட்டு. மேசையில இருந்தவங்க சிரிக்கிறதுக்கு முந்தி அவரு சிரிச்சிட்டாரு. அவ்வளவுதான். மேசையில இருந்த எல்லாத் தலையும் அவரு பக்கம் திரும்பிருச்சு. மறுநாள் காலைல பெட்டியத் தலையில வெச்சுக்கிட்டு எறங்கிப் போறாரு. இருவது வருசமா நம்ம பேச்செல்லாம் இவன் கேட்டுக்கிட்டா இருந்தான்னு தொரைக்கு நடுக்கம்.

— ஒரு சிரிப்புக்கா?

— சாப்பாட்டு மேசையில அவங்க எதுவேணாலும் பேசுவாங்க தாயி. கணக்குப் பேசுவாங்க, கலியாணம் பேசுவாங்க, யாரு யாரோட ஓடிட்டான்னு பேசுவாங்க. பின்னால தட்டோட நிக்கிறவன் காது கேக்காத நாக்காலி மாதிரி இருக்கணும். அன்னைக்கே முடிவு பண்ணினேன். எனக்கு மூணு வார்த்தைதான் தெரியும். எத்தன பசுமாட்டுக்குத் தொப்பி கழட்டினாலும் நான் சிரிக்க மாட்டேன்.

— பதினேழு வருசமா சிரிப்ப அடக்கிட்டா நின்னீங்க?

— சிரிப்பு வந்தா பரவால்லியே. உள்ள வந்து இந்த அடுப்புகிட்ட நின்னு சிரிச்சிக்கலாம்.

— வேற என்னா வரும்?

— சொல்றேன். இவ்வளவு தூரம் வந்தாச்சு. நம்மளப் பத்திப் பேசுவாங்க. லயத்துச் சனங்கள எல்லாம் கப்பல்ல ஏத்தி இந்தியாக் கரைக்கு அனுப்பிட்டா தோட்டம் என்னா ஆகும்னு போன மாசம் ஒரு விவாதம். எத்தன பேர அனுப்பலாம், எத்தன பேர வெச்சுக்கலாம். நான் பக்கத்துல நின்னு புட்டிங் பரிமாறிக்கிட்டிருக்கேன். ஒங்கம்மாவ வெச்சுக்குவாங்களா, ஒன்ன வெச்சுக்குவாங்களான்னு காத நீட்டிக்கிட்டு நிக்கிறேன். ஒருத்தரு எங்கிட்ட திரும்பி, பொன்னையா, இன்னும் கொஞ்சம்ன்னாரு. யெஸ் சேர்னு போட்டேன். கை ஆடல. அதுதான் எனக்கு வெக்கம். கை ஆடவே இல்ல.

— அப்பா.

— அதுக்குத்தான் சொன்னேன், தெரியாம இருக்கிறவனுக்குத் தூக்கம் வருதுன்னு. நீ என்னை மாதிரி எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு நிக்கணுமா?

— நான் எதுக்கு நிக்கணும்? நான் ஒக்காந்து கேப்பேன். கேட்டுட்டுப் பதிலும் சொல்லுவேன்.

— இந்த வாய் ஒங்கம்மா குடுத்தது. எனக்குப் பங்கு இல்ல.

— மூக்கு மட்டும் ஒங்களுது. விடுங்க. புள்ளக்காம்பரா வேலைய தொரயே கூப்பிட்டுக் குடுத்தாருன்னீங்களே, அதுவும் மேசையில பேசினதுதானா?

— ஒனக்கு அந்த டீச்சர் சரியாத்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க. ஆமா. போன வெள்ளிக்கெழம. பக்கத்துத் தோட்டத்துத் தொர சாப்பிட வந்தாரு. ஒன் அப்புவோட மக கொன்வென்ட்டுல இங்கிலீசு படிக்கிறாளாமே, நாளைக்கு அவ அப்பனுக்கும் சொல்லிக் குடுத்துட்டா இந்த மேசையில பேசுற பேச்செல்லாம் அப்பன் வழியா மகளுக்குப் போயி, மக வழியா சங்கத்துக்குப் போகும், பாத்துக்கன்னாரு. நம்ம தொர யோசிச்சிட்டு, புள்ளக்காம்பராவுல போட்டுட்டா நாலு மாசத்துல எல்லாம் மறந்துரும்ன்னாரு. மறுநாள் என்னைக் கூப்பிட்டு, பொன்னையா, ஒன் மகளுக்கு நல்ல வேலன்னாரு.

— நீங்க என்னா சொன்னீங்க?

— தேங்க்யூ சேர்.

— ஒங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சு, ஒங்க முன்னாலயே, எனக்குத் தெரிஞ்சிரக்கூடாதுன்னு பேசிருக்காங்க.

— அத நெனச்சு அடுப்புகிட்ட வந்து கொஞ்சம் சிரிச்சேன். கொஞ்சந்தான்.

— அப்ப இந்தப் பேப்பர்ல நீங்க கையெழுத்துப் போட்டா தொரைக்குச் சந்தேகம் வரும்.

— வரும்.

— நல்லமுத்து அப்புவுக்கு ஆன மாதிரி ஆயிரும்.

— ஆகலாம். ஆகாமலும் போகலாம். இவருக்கு என் கோழிக்கறி இல்லாம ஒரு வாரம் ஓடாது.

— வேணாம்பா. பேப்பர மடிச்சிட்டேன். நான் ஒண்ணாந்தேதி புள்ளக்காம்பராவுக்கே போறேன். இலக்கியம் இல்லாட்டி என்னா. மூணு பேரு வேற யாரையாச்சும் புடிச்சுக்குவாங்க.

— அழுவுறியா?

— இல்ல. பாலிஷ் பொடி கண்ணுல பட்டுருச்சு.

— அந்தத் தட்டு வெச்ச பொம்பளகூட நல்லாத்தான் மறச்சா. நீ இன்னும் பழகணும். கொண்டா பேப்பர.

— வேணாம்னு சொல்றேனே.

— கொண்டாங்கிறேன். பேனா வெச்சிருக்கியா? கொன்வென்ட்டுல படிக்கிறவகிட்ட பேனாவுமா இல்லாம போகும். எந்த எடத்துல போடணும்?

— அப்பா, யோசிங்க.

— எந்த எடத்துலன்னேன்.

— இங்க. இந்தக் கோட்டு மேல.

— தமிழ்லதான் போடுவேன். சிஸ்டர் ஏத்துக்குவாங்களா?

— ஏத்துக்குவாங்க. தொர வந்து கேட்டா என்னா சொல்லுவீங்க?

— மூணு வார்த்தைல ரெண்டாவது ஒண்ணு இருக்குல்ல. இத்தன வருசமா அதக் கோழி முடியலங்கிறதுக்கு மட்டுந்தானே செலவழிச்சேன். நாளைக்குக் காலைல, பொன்னையா, மக எப்ப வேலைக்கு வர்றான்னு கேப்பாரு. நோ சேர்.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான். மேல கேட்டா எனக்குத்தான் இங்கிலீசு தெரியாதே. இந்தா, பொன்னையான்னு போட்டாச்சு. மை காயட்டும், மடிக்காத.

— எனக்கு இப்பத்தான்பா நெஜமா அழுகை வருது.

— அத அப்புறம் வெச்சுக்க. கையெழுத்து சும்மா போடல. கூலி உண்டு.

— என்னா கூலி? கரண்டி எல்லாம் தேய்ச்சாச்சு.

— கையக் கழுவிட்டு அந்த மேசத்துணி அலமாரியத் தொற.

— தொடக்கூடாதுன்னீங்களே.

— இப்ப தொடலாம். அடித்தட்டு. பெரிய வெள்ளத் துணி ஒண்ணு மடிச்சு இருக்கும். அதுக்குள்ள பாரு.

— பொஸ்தகம். பச்ச அட்டை. இது யாருது?

— மொதத் தொரயோட தொரசாணி. அந்தம்மா சாப்பிட்டு முடிச்சு நெருப்புக்குப் பக்கத்துல ஒக்காந்து தொரைக்கு வாசிச்சுக் காட்டுவாங்க. நான் கோப்பித் தட்ட எடுக்கப் போவேன். ஒரு தட்ட எடுக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கலாமோ அவ்வளவும் எடுத்துக்குவேன். எரியிற நெருப்ப நாலு தடவை தூண்டி விடுவேன். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசுல அதட்டுறது, வையிறது, சோறு கேக்கிறது எல்லாம் தொரமாருகிட்டக் கத்துக்கிட்டது. மத்ததெல்லாம் அந்தம்மா வாசிச்சதுல வந்துச்சு. என்னை மன்னிச்சிருன்னு அந்தப் பாஷையில சொல்ல முடியும்னு எனக்கு இந்தப் பொஸ்தகத்துலதான் தெரிஞ்சது. அதுக்கு முந்தி எங்க காதுல விழுந்ததில்ல.

— இதுல என்னா கதை?

— ஒரு அப்பன், ஒரு மக. அவன் பேச்சக் கேக்காம மக வீட்ட விட்டுப் போயிர்றா. அவன் கதவச் சாத்திர்றான். பல வருசம் கழிச்சு, பனி கொட்டுற ஒரு நாள்ல, கைல புள்ளையோட அவ திரும்பி வந்து வாசல்ல நிக்கிறா. கதவத் தட்ட கையத் தூக்குறா. அந்த எடத்துல தொரசாணி, மிச்சம் நாளைக்குன்னு சொல்லி மூடிட்டாங்க. மறுநாள் சீமைலேர்ந்து தந்தி. ஒரே நாள்ல பெட்டி கட்டிப் பொறப்பட்டுப் போயிட்டாங்க. அது சுதந்திரம் வந்த வருசம். இந்தப் பொஸ்தகம் நாக்காலிக்கு அடியில கெடந்துச்சு.

— உள்ள ஏதோ கறுப்பா ஒட்டியிருக்கு.

— தேயிலக் கொழுந்து. அடையாளத்துக்கு அந்தம்மா வெச்சது. காஞ்சு போச்சு, நான் எடுக்கல.

— ஒன்பது வருசமா ஒங்க கைலயே இருந்திருக்கு. நீங்களே வாசிச்சிருக்கலாமேப்பா.

— எனக்குக் கேக்கத்தான் தெரியும் தாயி, ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. தொரயோட கார் வர இன்னும் அரை மணி இருக்கு, அந்தக் கொழுந்து வெச்ச எடத்துலேர்ந்து வாசி. ஒன்பது வருசமா அந்தப் புள்ள கதவுக்கு வெளியவே நிக்கிது.